இனம் என்ற கட்டம்

அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ஆங்கிலத்தில் வந்ததைப் பர்மியத்துக்கு மாற்றி, கார்பன் தாள் வைத்து, ஒரு காலைப்பொழுதில் அடித்து முடித்தேன். 'உரிமையாளரின் இனம்' என்ற கட்டம் வந்தபோது விரல் தயங்கியது என்று இன்றைக்குப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளலாம். தயங்கவெல்லாம் இல்லை. அடித்து முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன் என்பதுதான் உண்மை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஊரின் பெயர் யாங்கோன் என்று மாறியிருந்தாலும் எங்கள் வாய்க்கு அது ரங்கூன்தான். வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்து ஓட்டல்கள் திறந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு ஓட்டலின் கொள்முதல் பிரிவில் நான் உதவியாளர். தின்கன்ஜூனிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், ஓட்டல் வாசலில் முகத்தைத் துடைத்து, கன்னத்தில் அரைத்துப் பூசிய தனக்கா மரப்பூச்சு கலையாமல் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைவேன். அங்கே எனக்கு ஒரு பர்மியப் பெயர். அந்தப் பெயர் பள்ளிக்கூடத்திலேயே வைத்ததுதான். எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் வெளிப்பெயர் ஒன்று, வீட்டுப்பெயர் ஒன்று உண்டு. ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. வேலைக்கு விண்ணப்பித்தபோது இனம் என்ற இடத்தில் 'பமார்' என்று எழுதினேன். அதாவது அசல் பர்மாக்காரி. அம்மாவைப் பெற்றவள் பர்மாக்காரி, நிறமும் மூக்கும் அவள் கொடுத்தது. யாரும் சந்தேகப்படவில்லை. என் அடையாள அட்டையிலும் எப்படியோ அப்படியே போட்டிருந்தார்கள். அந்த 'எப்படியோ' எப்படி என்று அப்பாவுக்குத்தான் தெரியும். நான் கேட்கவில்லை.

எங்கள் கொள்முதல் மேனேஜர் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து வந்த கறுப்பினப் பெண். ஐம்பது வயதிருக்கும். உரக்கச் சிரிப்பார், உரக்கத் திட்டுவார், மறுநாள் இரண்டையும் மறந்துவிடுவார். அவருடைய ஊரில் அவர் இளமை முழுக்க, எந்த இனம் என்று எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டுமாம். அந்த வெள்ளைக்கார ஆட்சி போன பிறகு, அதே கறுப்பின மக்கள் நடத்தும் சிறு பட்டறைகளிலிருந்து பெரிய கம்பெனிகள் சரக்கு வாங்க வேண்டும் என்று முறை வந்ததாம். இத்தனை காலம் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பது என்று அதைச் சொன்னார். தலைமையகத்துக்கு எழுதிப் போராடி, இந்த ஓட்டலிலும் அதைக் கொண்டுவந்தார். வாங்குவதில் ஒரு பங்கை இந்த ஊரின் சிறுபான்மை இனத்தார் நடத்தும் சிறு தொழில்களுக்கு ஒதுக்க வேண்டும். முதலில் ஒதுக்கியது சீருடை. ஓட்டல் ஊழியர் அத்தனை பேருக்கும் ஒரு வருடத்துக்கான சீருடை.

அவர் இதைச் சொன்னதும் எனக்கு நினைவு வந்த ஒரே ஆள் அக்காதான்.

அக்கா பசுந்தாங்கில் ஓடைப் பக்கத்துச் சந்தில் தையல்பட்டறை வைத்திருந்தாள். நாங்கள் தின்கன்ஜூனுக்குக் குடிபோவதற்கு முன் அவளுக்கு மேல்மாடியில் இருந்தோம். உறவு இல்லை, உறவைவிட அதிகம். என் பள்ளிக்கூடப் பச்சை லுங்கி தொடங்கி, இந்த வேலைக்கு நேர்காணல் போனபோது போட்டிருந்த சட்டை வரைக்கும் அவள் தைத்ததுதான். பட்டறையில் ஒன்பது பெண்கள், எட்டு மிஷின். கரண்டு இருக்கிற நாளில் மோட்டார், இல்லாத நாளில் மிதி. சீன எல்லையிலிருந்து ஆயத்த ஆடைகள் வந்து பஜாரில் குவிய ஆரம்பித்ததும் அவளுக்கு வேலை மெலிந்துவிட்டது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் பெரிய ஆர்டர் ஒன்று வராவிட்டால் மிஷின்களை விற்றுவிட்டுப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்.

பட்டறை அக்காவுடையது. ஆனால் லைசென்ஸ் அவள் பெயரில் இல்லை. அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள், அவள் அப்பாவும் இங்கேயே பிறந்தவர். இருந்தும் அவள் கையில் இருந்தது அந்நியர் என்று பதிவு செய்து கொடுத்த ஒரு சின்னப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு தொழில் லைசென்ஸ் வாங்க முடியாது. பக்கத்திலிருக்கும் மாவ்பியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு இராத்திரி தங்குவதென்றாலும் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் லைசென்ஸ், வாசல் பலகை எல்லாம் எதிர்வீட்டு சயாமாவின் பெயரில். சயாமா என்றால் டீச்சர். ஓய்வுபெற்ற பர்மியப் பள்ளிக்கூட டீச்சர் அவர். இதற்காக ஒரு பைசா வாங்கிக்கொள்ளாத மனுஷி. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் சயாமா நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து முதலாளி நாற்காலியில் உட்காருவார். அக்கா எழுந்து போய் ஒரு மிஷினில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வாள். வந்தவர்கள் போனதும் இருவரும் சிரித்துக்கொண்டே இடம் மாறிக்கொள்வார்கள். பசுந்தாங்கில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் இப்படித்தான் பிழைத்தார்கள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏதோ வரம் கொண்டுபோகிறவள் மாதிரி ஒரு மிதப்பு எனக்கு. அக்கா ஒவ்வொரு கட்டமாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இனம் என்ற கட்டம் வந்ததும், 'பமார்' என்று எழுது, சயாமா பெயரைப் போடு, லைசென்ஸ் நகலை வை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அட, இந்த ஒரு படிவத்தில்தான் தமிழச்சி என்று எழுதினால் லாபம், அதற்காகவே அடித்த படிவம் இது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அக்கா கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் உள்ளதை எழுதி நம்ம ஆளுக்கு எந்த நல்லது நடந்திருக்கிறது, ஒன்று சொல்லு பார்ப்போம் என்றாள். நான்தான் முதலாளி என்று எழுதினால் லைசென்ஸ் பொய்யாகிவிடும், பொய்யென்று ஆனால் முதலில் உள்ளே போவது சயாமா என்றாள். அதுவும் சரிதான். ஆனால் நான் விடவில்லை. ஓட்டல்காரர்கள் டவுன்ஷிப் ஆபீசுக்குப் போய் ஒப்பிக்கப் போவதில்லை, மேனேஜர் அப்படிப்பட்டவர் இல்லை, பயந்தே செத்தால் எப்போது பிழைப்பது என்று பிரசங்கம் செய்தேன்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். "சரிடி. உன் ஆபீஸ்ல நீ என்னான்னு எழுதிக் குடுத்திருக்கே?"

நான் படிவத்தை மடித்தேன். எட்டு மிஷினும் ஓடிக்கொண்டே இருந்தன. பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதே நான் கூசிப்போகப் போதுமானதாக இருந்தது.

அக்காவே இரக்கப்பட்டாள். படிவத்தில் சயாமா பெயரே இருக்கட்டும், இனம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடு, உங்கள் மேனேஜர் நேரில் வரட்டும், முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன் என்றாள். "எனக்கு அந்த அம்மா பேச்சு வெளங்காது. நீதான் பக்கத்துல நிக்கணும். நம்ம பேச்சுல உங்கிட்ட கேப்பேன். சொல்லுங்கக்கான்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும், நான் சொல்லிடறேன்."

சயாமாவிடமும் அன்றைக்கே பேசினாள். அந்த மனுஷி, ஆர்டர் வருமென்றால் உண்மையைச் சொல்லிவிடு, என்னைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். நிற்கிறேன் அக்கா, நிச்சயமாக நிற்கிறேன் என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன்.

மேனேஜர் பார்வையிட வந்த நாளில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஓட்டல் காரில் நானும் அவரும் மட்டும் என்று நினைத்திருந்தேன். கிளம்பும்போது பர்சனல் ஆபீசரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஊழியர் கோப்புகளை எல்லாம் வைத்திருக்கிற மனிதர். பட்டாளத்திலிருந்து வந்தவர். சீருடை என்பது ஊழியர் சம்பந்தப்பட்டது, தானும் பார்க்க வேண்டும் என்றார். கோப்பில் பொய் எழுதியவர்களில் இரண்டு பேரை அந்த வருடத்திலேயே அவர் வெளியே அனுப்பியிருந்தார். அதில் ஒருவர் எழுதிய பொய் வெறும் வயது.

பட்டறையில் பழைய நாடகம் தயாராக இருந்தது. முதலாளி நாற்காலியில் சயாமா, மூன்றாவது மிஷினில் அக்கா. மேனேஜர் சயாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை கஜம் துணி பிடிக்கும், காலருக்குள் என்ன வைத்துத் தைப்பீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். சயாமா முப்பது வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். பொய் சொல்லத் தெரியாது. அவர் பார்வை தானாக மூன்றாவது மிஷினுக்குப் போயிற்று.

மேனேஜர் அதைப் பிடித்துவிட்டார். அவர் ஊரிலும் இப்படி ஒரு பித்தலாட்டம் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார். கறுப்பினத்தார் ஒருவரை முதலாளி என்று உட்காரவைத்துவிட்டு வெள்ளைக்காரர் ஆர்டரை வாங்குவது. இங்கே அது தலைகீழாக நடக்கிறது, ஒதுக்கப்பட்டவளே இன்னொருத்தியின் பெயருக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவர் நல்லவர். நேராக அக்காவின் மிஷினுக்கு முன்னால் போய் நின்று, அக்காவின் கறுத்த முகத்தையும் மூக்குத்தித் துளையையும் பார்த்துவிட்டு, மென்மையாகக் கேட்டார். இந்தப் பட்டறை யாருடையது என்று இவரைக் கேள், பயப்பட வேண்டாம் என்று சொல்.

நான் பர்மியத்தில் கேட்டேன். பயப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அக்கா மேனேஜரின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். பேசிக்கொண்டபடியே, தமிழில் கேட்டாள்.

"சொல்லிடட்டுமா புள்ள?"

பட்டறையில் மிஷின்கள் நின்றிருந்தன. பர்சனல் ஆபீசர் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சொல்லுங்கக்கா. இரண்டு சொல்கூட இல்லை. மாதக்கணக்காய் ஓட்டலில் யார் காதிலும் விழாமல் பொத்திவைத்திருந்த பேச்சு அது. அவர் காது கேட்க அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், அடுத்த திங்கட்கிழமை என் கோப்பு அவர் மேசைமேல் இருக்கும் என்று மட்டும் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. அக்காவும் தோன்றவில்லை.

பர்மியத்தில் சொன்னேன்: "எனக்கு இந்தியப் பாஷை தெரியாது, அத்தை. பர்மியத்தில் பேசுங்கள்."

அத்தை என்று கூப்பிட்டேன். அக்கா என்று வருவதைக்கூட மாற்றிக்கொள்ளும் அளவுக்கு என் மூளை வேலை செய்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கும்.

அக்கா ஒன்றும் பதறவில்லை. கண்ணிமைக்கும் நேரம் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு மேனேஜரைப் பார்த்து, சுத்தமான பர்மியத்தில், நான் கூலிக்குத் தைக்கிறவள், பட்டறை சயாமாவுடையது என்றாள். அதை நான் வார்த்தை பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். சயாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையால் வேண்டாம் என்று காட்டினாள்.

காரில் திரும்பும்போது மேனேஜர் வருத்தமாகத்தான் இருந்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி, ஆனால் பட்டறை அவளுடையதில்லையே, முறை என்று ஒன்று இருக்கிறதே என்றார். பசுந்தாங் விண்ணப்பத்தின் மேல் கோடு போட்டு என்னிடமே கொடுத்தார், கோப்பில் சேர்க்க.

ஆர்டர் யாருக்குப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய துணி வியாபாரி ஒருவர், பர்மாக்காரர், இந்த ஒதுக்கீடு பற்றிக் கேள்விப்பட்டதும் தன் கார் டிரைவரின் பெயரில் ஒரு தையல் கம்பெனியைப் பதிவு செய்தார். டிரைவர் தமிழர். குடியுரிமை அட்டை இருந்தது, அதில் இனம் இந்தியர் என்றே இருந்தது. எல்லாம் கச்சிதம். புதுக்கோட்டு போட்டுக்கொண்டு ஓட்டலுக்கு வந்து, கேட்டதற்கெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்த பதிலைச் சொன்னார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையகத்துப் பத்திரிகைக்காக டிரைவரைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்துக்குக் கீழே போட வேண்டிய பர்மிய வாசகத்தையும் நான்தான் எழுதினேன்.

படம் எடுத்து முடிந்ததும் படிக்கட்டில் டிரைவர் என்னைப் பிடித்தார். தைப்பூசத்தில் என்னை அப்பாவோடு பார்த்திருக்கிறார் போல. "தங்கச்சி, கோவிச்சுக்காதே. எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட தெரியாது. மொதலாளி சொன்னாரு, வந்தேன். தையல் எல்லாம் பசுந்தாங் அக்காகிட்டதான் போவுது. அரைக்கூலிக்கு ஒத்துக்கிட்டாங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டிய இடம் வேறாக இருந்தது. மேனேஜரிடம் போய் இந்தக் குட்டை உடைத்துவிடலாமா என்று ஒருவாரம் மனது கிடந்து அடித்துக்கொண்டது. உடைத்தால் என் கோப்பும் சேர்ந்து உடையும். அதையும் தாண்டி ஒருநாள் துணிந்துவிட்டேன். பசுந்தாங்குக்குப் போய் அக்காவிடம் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் மேனேஜரிடம் போவது என்று நினைத்தேன். சந்து முனை வரைக்கும் போனேன். மிஷின் சத்தம் கேட்டது. எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே நுழைவது? அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு அளவெடுக்கிற நாள் வந்தது. ஓட்டலின் பின்பக்கம் ஊழியர் சாப்பாட்டு அறையில் பெண்களுக்கு ஒரு வரிசை. அளவெடுக்க வியாபாரி அனுப்பியது அக்காவைத்தான். கழுத்தில் டேப், கூடவே குறித்துக்கொள்ள ஒரு பெண். நான் வரிசையில் பதினைந்தாவதோ என்னவோ. ஓடிப்போய்விடலாம் என்று பார்த்தேன். பின்னால் நின்றவள் முதுகில் தள்ளினாள்.

என் முறை வந்தது. அக்கா டேப்பை என் தோளில் வைத்தாள். என் தோள் அளவு அவளுக்கு மனப்பாடம். பத்து வயதிலிருந்து ஒவ்வொரு அங்குலமாக அது கூடியதை அவள்தான் கண்டவள். ஆனாலும் அளந்தாள். எண்ணைப் பர்மியத்தில் சொன்னாள், பெண் குறித்துக்கொண்டாள். இடுப்பை அளந்தாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் அறைக்குள் வந்தார். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, ஆச்சரியமாக, இவர் அந்தப் பட்டறைத் தையற்காரி இல்லையா, இப்போது நம் தமிழ் முதலாளியிடமா வேலை செய்கிறார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அக்காவுக்கு எதிரில் வந்து நின்று என்னிடம் சொன்னார்: "இவரிடம் சொல். யாரோ ஒருவருடைய பெயருக்குக் கீழே உழைத்துக்கொண்டிருந்தார். இப்போது தன் இனத்து ஆள் ஒருவரிடம் வந்து சேர்ந்துவிட்டார். எனக்கு ரொம்ப சந்தோஷம் என்று சொல்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. அறையில் முப்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழட்டும் என்று, தமிழில் சொன்னேன்: "அக்கா, நான் இப்பவே எல்லாத்தையும் சொல்லிடறேன். என் வேலை போனா போவுது."

மேனேஜர் சிரித்தபடி நின்றிருந்தார். நான் அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தார். அக்கா டேப்பைச் சுருட்டினாள். அவசரமே இல்லாமல், என் முகத்தைப் பார்த்து, அவளும் தமிழில் சொன்னாள்.

"அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டேன், நீ குடுக்கல. இன்னிக்கு நீ சொன்னா டிரைவர் கம்பெனி போயிடும். அது போனா இந்த அரைக்கூலியும் போயிடும், ஒம்பது பொண்ணுங்களும் வீட்டுக்குப் போவணும். வாயை மூடு. நான் ரொம்ப நன்றின்னு சொன்னேன்னு அந்த அம்மாகிட்ட சொல்லு."

நான் மேனேஜர் பக்கம் திரும்பி, இவர் ரொம்ப நன்றி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜர் அக்காவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அக்கா சற்று நேரம் பிடிக்கவிட்டுவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு, அடுத்த ஆளை வரச் சொன்னாள்.